ஒன்றாம் நம்பருக்கும் கீழே ஒரு வேகம்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் அஞ்சாம் வகுப்பு வரைதான் படித்தவள். எழுத உட்கார்ந்தால் வரி மேடேறிப் போகும். முன்னால் நடந்தது பின்னால் வரும், பாதியில் பெயர் மறந்துபோகும். நாலு பேர் கூடின இடத்தில் பேசச் சொன்னால் தூணுக்குப் பின்னால் போய் நிற்கிற ஆள் நான். ஆனாலும் ரெகுலேட்டரைப் பற்றி யாராவது எழுதத்தானே வேண்டும். அவரே எழுதுவார் என்று காத்திருந்தால் முதல் வரி முடிய ஒரு தலைமுறை ஆகிவிடும்.

உலகத்தில் ஓடுகிற எல்லாமே தேவைக்கு மேல் வேகமாக ஓடுகிறது என்று நம்பி, ஒவ்வொன்றாகப் பிடித்து மெதுவாக்கப் பிறந்த மனிதர் ஒருவர் உண்டென்றால் அவர் எங்கள் ஊர் ரெகுலேட்டர்தான். பூமி சுற்றுவதில்கூட அவருக்குக் கொஞ்சம் மனக்குறை உண்டு. ஸ்பேனர் எட்டவில்லை, அதனால் விட்டுவைத்திருக்கிறார்.

எங்கள் ஊர் காரைக்குடிப் பக்கம், கல்லலிலிருந்து சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. பஸ் நிற்கிற இடத்தை ஒட்டி அவர் கடை. ஃபேன், மிக்ஸி, கிரைண்டர் எல்லாம் பார்ப்பார். அவருடைய உண்மையான பெயர் ரேஷன் கடைக்காரருக்கு மட்டும் தெரியும். வயதில் எனக்கும் என் அக்காவுக்கும் இளையவர், அதனால் அக்கா, அக்கா என்பார். அந்த 'அக்கா'வே இரண்டு தவணையாகத்தான் வரும். "கடை எப்ப வரைக்கும் இருக்கும் தம்பி?" என்று ஒருத்தி கேட்டாளாம். இவர் யோசித்துப் பதில் சொல்ல வாய் திறந்தபோது கடை சாத்துகிற நேரம் ஆகியிருந்ததாம். இது கொஞ்சம் கூட்டிச் சொன்னதாக இருக்கலாம். ஆனால் அவரைத் தெரிந்தவர்கள் யாரும் மறுக்கவில்லை.

இளவயதில் கோயம்புத்தூர்ப் பக்கம் மில்லில் வேலை பார்த்தவர். அங்கே இயந்திரங்கள் ஓடின ஓட்டத்தில்தான் இவருக்கு வேகத்தின் மேல் வெறுப்பு வந்தது என்பார்கள். ஊருக்குத் திரும்பி வந்தபோது பெட்டி படுக்கை கொண்டு வரவில்லை. ஒரு மூட்டை நிறைய மோட்டார் கொண்டுவந்தார்.

எனக்கு அவர் பழக்கமானது ஃபேன் விஷயமாக. நானும் என் அக்காவும் ஒரே வீட்டில் இருக்கிறோம். காரைக்குடியில் இருக்கிற அக்கா மகன் ரிமோட் வைத்த புது ஃபேன் வாங்கி மாட்டிவிட்டுப் போனான். கரண்டு கம்மியாகத்தான் இழுக்கும், நல்ல ஃபேன்தான். ஆனால் ஒன்றாம் நம்பரில் வைத்தாலே ஆடி மாதம் வீட்டுக்குள் வந்துவிடும். அக்காவுக்கு முழங்காலில் காற்றுப் பட்டால் குடையும். நிறுத்தினால் வேர்க்கும். ரெகுலேட்டரைக் கூப்பிட்டோம்.

வந்தவர் ஸ்டூலில் ஏறினார். ஏறி, ஃபேனைத் தொடாமல் சும்மா பார்த்துக்கொண்டே நின்றார். நான் உலை வைத்து, சோறு வடித்து, ரசமும் வைத்துவிட்டு வந்து பார்த்தேன். அப்படியே நிற்கிறார்.

"என்ன தம்பி, கெட்டுப்போச்சா?" என்று அக்கா கேட்டாள்.

"கெடலக்கா. நல்லாத்தான் இருக்கு. இதுல கார்பன் கட்டையே கிடையாது, தெரியுமா?"

எங்களுக்குக் கார்பன் கட்டை தெரியும். மிக்ஸியில் பொறி பறந்து தீய்ந்த வாடை வந்தால் கார்பன் தேய்ந்துபோச்சு என்று மாற்றுவார்களே, அதுதான். இந்த ஃபேனில் உரசுகிற சங்கதியே இல்லையாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். பச்சைப்பிள்ளை தூக்கத்தில் சிரிக்கிற மாதிரி இருந்தது.

"வெளிய சுத்துறது காந்தம். உள்ள நடுவுல சுருளு, மூணு கூட்டமா. மொதக் கூட்டம் காந்தத்தப் பாத்து 'இங்குட்டு வா'ங்கும். அது ஆசையா ஓடியாரும். கிட்ட வந்ததும் இது வாய மூடிக்கிரும். ரெண்டாங் கூட்டம் 'இங்குட்டு வா'ங்கும். அங்குட்டு ஓடும். அப்பறம் மூணாவது."

"பாவம்டி அந்தக் காந்தம். யார்கிட்டயும் போய்ச் சேரவே இல்லையே" என்றாள் அக்கா.

ரெகுலேட்டர் ஸ்டூலை விட்டு இறங்கிவிட்டார். அவர் பார்த்த மோட்டார் எதற்காகவும் அதுவரை யாரும் அப்படிப் பரிதாபப்பட்டதில்லை போலிருக்கிறது. "அதத்தான்க்கா நானும் நெனைக்கிறேன். அதான் மெதுவாக் கூப்பிடச் சொல்லுவோம்னு. பழைய ஃபேனுன்னா கரண்டக் கொறச்சாப் போதும். இதுல கூப்பிடுற தாளத்தக் கொறைக்கணும்."

உள்ளே இருந்த பச்சைப் பலகையைக் கழற்றி, அவர் செய்து வைத்திருந்த வேறொரு பலகையைப் போட்டார். சுவரில் ஒரு திருகு வைத்தார். ஒன்றாம் நம்பருக்கும் கீழே ஒரு வேகம் வந்தது. அன்றைக்கு மத்தியானம் நானும் அக்காவும் பாயைப் போட்டுப் படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தோம். மூன்று இறக்கையும் தனித்தனியாகத் தெரிந்தன. ஒன்று வந்து எங்களை எட்டிப் பார்த்துவிட்டு நகரும், அப்புறம் அடுத்தது வரும். காற்று என்று சொல்ல முடியாது. பக்கத்து அறையில் யாரோ மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. அக்கா பேசிக்கொண்டே தூங்கிவிட்டாள்.

இந்தச் செய்தி எங்கள் ஊர் சூசையப்பர் கோயில் வரைக்கும் போயிற்று. பீடத்து மெழுகுதிரிகள் அணைகின்றன என்று பங்குச் சாமியார் குறைப்பட்டதால், ரெகுலேட்டர் கோயில் ஃபேன்கள் அத்தனையையும் மெதுவாக்கிக் கொடுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் மெழுகுதிரி ஒன்றும் அணையவில்லை. ஜனங்கள்தான் அணைந்தார்கள். பிரசங்கத்தின் பாதியில் ஆண்கள் பக்கம் முழுக்கச் சாய்ந்துவிட்டது. கீபோர்டு வாசிக்கிறவர் அதன்மேல் தலைவைத்துப் படுக்க, அது தானாகவே ஒரு சுரத்தை இழுத்துக்கொண்டிருந்தது. யாரும் அசையாததைப் பார்த்த சாமியார், இவ்வளவு கவனமாக இதற்குமுன் யாரும் தன்னைக் கேட்டதில்லை என்று மனம் குளிர்ந்து இன்னும் கொஞ்ச நேரம் பேசினார். அன்றிலிருந்து ரெகுலேட்டரின் மேல் சாமியாருக்குத் தனிப் பிரியம்.

அவருக்குப் பேட்டரி ஸ்கூட்டர் ஒன்று இருந்தது. அதையும் சும்மா விடுவாரா? சங்கராபுரம் போகிற ரோட்டில் அவர் போனால் நாய்கள் குரைக்காது, கூடவே நடந்துவரும். வெயிலில் நடந்துபோகிறவர்களைப் பார்த்தால் மனசு கேட்காமல், "ஏறிக்கங்க, விட்டுர்றேன்" என்பார். "இருக்கட்டும் தம்பி, கொஞ்சம் அவசரமாப் போறேன், நடந்தே போயிர்றேன்" என்று சொல்லிவிட்டு அவர்கள் முன்னால் போய்விடுவார்கள்.

இனிமேல் சொல்லப்போவதுதான் முக்கியம். அக்காவைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் அது விளங்கும்.

அக்கா சின்னப் பிள்ளையில் நெடுநாள் நடக்கவில்லை. இடுப்பிலேயே தூக்கித் திரிந்தார்களாம். எங்கள் அம்மா சூசையப்பருக்கு நேர்ந்துகொண்டாள். இந்தப் பிள்ளை நடந்தால், வருஷா வருஷம் திருவிழாச் சப்பரத்துக்கு முன்னால் மெழுகுதிரி ஏந்தி நடப்பாள் என்று. ஒரு நாள் எங்கள் பழைய வீட்டு வாசலில் அக்கா எழுந்து நடந்தாள். அப்போதிருந்து ஒரு வருஷம்கூடத் தவறினதில்லை. எங்கள் ஊர் வழக்கமும் அதற்குத் தோதாக இருந்தது. திரி ஏந்துகிற பொம்பளைகள் முன்னால் போவார்கள், சப்பரம் திரியைத் தாண்டக்கூடாது. சப்பரத்தைத் தோளில் சுமந்துவருகிற ஆண்கள் எங்கள் நடைக்கு அவர்கள் நடையைக் குறைத்துக்கொள்வார்கள்.

இப்போது சுமக்கிற தோள் எல்லாம் சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கிறது. அதனால் திருவிழாக் கமிட்டித் தலைவர், அவர் ஓய்வுபெற்ற வாத்தியார், சப்பரத்துக்குச் சக்கரம் வைத்து டிராக்டரில் பூட்டச் செய்தார். டிராக்டர் எவ்வளவு மெதுவாகப் போனாலும் அக்காவின் முழங்காலுக்கு அது ஓட்டம்தான். முதல் தெருவிலேயே ஒரு நாற்காலியைப் போட்டு, "பெரியம்மா, நீங்க இங்கன ஒக்காந்து பாருங்க, அதுவும் புண்ணியந்தான்" என்று சொல்லிவிட்டார்.

அக்கா உட்கார்ந்தாள். சப்பரம் புகையோடு கடந்து போனது. வீட்டுக்கு வந்து, "நடக்க வச்சவருக்கு முன்னால என்னய ஒக்கார வச்சுட்டாங்கடி" என்றாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

அடுத்த திருவிழா நெருங்கியபோது அக்கா ஒரு நாள் என்னையும் கூட்டிக்கொண்டு ரெகுலேட்டர் கடைக்குப் போனாள்.

"ஏப்பா, ஃபேன மெதுவாக்குனியே, சப்பரத்த மெதுவாக்குவியா? இந்த வருசம் நடந்துட்டேன்னாப் போதும். அடுத்த வருசம் என் காலு யாருதோ, எவருதோ."

ரெகுலேட்டர் கையில் இருந்த மிக்ஸியைக் கீழே வைத்தார். வாழ்க்கையில் முதல்முறையாக யோசிக்காமல் உடனே பதில் சொன்னார். "செய்றேன்க்கா."

காரைக்குடிக்குப் போய், யாரோ கழித்துப்போட்ட பேட்டரி ஆட்டோவின் அடிப்பாகத்தை வாங்கிவந்து சப்பரத்துக்கு அடியில் பொருத்தினார். அதுவும் கார்பன் இல்லாத மோட்டார்தான். கோயில் மைதானத்தில் வெள்ளோட்டம். சூசையப்பர் சுரூபத்துக்குப் பதிலாக ஒரு நெல் மூட்டையை ஏற்றியிருந்தார்கள். கமிட்டித் தலைவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

ரெகுலேட்டர் சுவிட்சைப் போட்டார். சப்பரம் முன்னால் ஓர் எட்டு, பின்னால் ஓர் எட்டு, மறுபடி முன்னால் என்று வெடவெடத்தது. நெல் மூட்டை ஆடி ஆடிக் கடைசியில் தலைகுப்புற விழுந்தது.

"என்ன ரெகுலேட்டரு, சூசையப்பருக்குக் குளிர்காய்ச்சலா?" என்றார் தலைவர். "நான் டிராக்டருக்குச் சொல்லிர்றேன்."

ரெகுலேட்டர் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். என்ன கோளாறு என்று அவர் சொன்னதை எனக்கு விளங்கின மட்டும் எழுதுகிறேன். காந்தம் இந்த நிமிஷம் எங்கே நிற்கிறது என்று கரண்டு கொடுக்கிற பெட்டிக்குத் தெரிய வேண்டுமாம். அப்போதுதான் எந்தச் சுருளைக் கூப்பிடச் சொல்வது என்று அதற்குப் புரியும். வேகமாகச் சுற்றினால் அந்த ஓட்டத்தை வைத்தே பெட்டி கண்டுபிடித்துவிடும். மெதுவாகச் சுற்றினால் ஒன்றும் தெரியாமல் இருட்டில் தடவுமாம். இவர் வாங்கினது அப்படிப்பட்ட பெட்டி.

"மெதுவாப் போறதுக்குத்தான்க்கா கண்ணு வேணும்" என்றார். "வேகமாப் போறதுக்கு ஒண்ணும் வேணாம்."

மோட்டாருக்குள் மிளகு அளவில் மூன்று சென்சார் வைத்தார். காந்தம் பக்கத்தில் வந்தால் அவை பெட்டிக்குச் சொல்லிவிடும். பெட்டியையும் மாற்றினார். இரண்டாவது வெள்ளோட்டத்துக்குத் தலைவர் மனமில்லாமல்தான் வந்தார். சப்பரம் நகர்ந்தது. நகர்கிறதா என்று பின்னால் இருந்த பூவரச மரத்தோடு ஒத்துப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது. மேகம் போகிறதைக் கிணற்றுக்குள் பார்க்கிற மாதிரி இருந்தது. சத்தமே இல்லை. நெல் மூட்டைக்கே ஒரு தெய்வக்களை வந்துவிட்டது.

"அக்கா, நீங்க முன்னால நடங்க. ஒங்க நடைக்கு நான் திருகுறேன்" என்றார். அக்கா நடந்தாள். திருகித் திருகி ஒரு வேகத்தில் நிறுத்தினார். எல்லாருக்கும் சந்தோஷம்.

ஆனால் அக்கா அக்காதானே. மைதானத்தின் நடுவில் வேலிக்கு அந்தப் பக்கம் தெரிந்தவள் ஒருத்தி போக, "என்னடி, மக பெத்துட்டாளா?" என்று நின்றுவிட்டாள். சப்பரம் நிற்கவில்லை. அது தன்பாட்டுக்குக் கனவில் நடக்கிற மாதிரி வந்து, அக்காவின் முதுகில் மெதுவாக இடித்தது. அக்கா திரும்பிக் குடையால் அதை ஓர் அடி அடித்தாள். அது வாங்கிக்கொண்டு மறுபடி இடித்தது. ரெகுலேட்டர் ஓடிவந்து நிறுத்துவதற்குள், அவர் ஓட்டம்தான் தெரியுமே, அக்கா பூவரச மரம் வரைக்கும் தள்ளப்பட்டுவிட்டாள்.

"முன்னால போறவ நிக்கிறா, பின்னால வர்றவருக்கு அது தெரிய வேணாமா?" என்று பிடித்துக்கொண்டாள். "ஆட்டுக்குட்டியக் கயித்துல புடிச்சுப் போனா, நான் நின்னா அது நிக்கிது, நான் போனா அது வருது. அதுக்கு இருக்குற புத்தி ஒன் மோட்டாருக்கு இல்லையே!"

ரெகுலேட்டர் அப்படியே நின்றார். சாயங்காலப் பூசைக்கு மணி அடித்தது, முடிந்து ஜனங்கள் வெளியே வந்தார்கள், அவர் நின்ற இடத்திலேயே நின்றார். அப்புறம் எங்கள் வீட்டுக்கு வந்து வாசலில் நின்று சொன்னார்: "அக்கா, உள்ள மூணு சென்சாரு வச்சுட்டேன். காந்தம் எங்க நிக்குதுன்னு மோட்டாருக்குத் தெரியுது. நீங்க எங்க நிக்கிறீகன்னு சப்பரத்துக்குத் தெரியல. நாலாவது சென்சாரு நீங்கதான்."

திருவிழா சாயங்காலம் வெளிச்சம் இன்னும் போகவில்லை. சப்பரத்தின் முன்னால் மல்லிகைப்பூ சுற்றின ஒரு கயிறு. அதன் மறுமுனை பேட்டரி ஆட்டோவின் ஆக்ஸிலேட்டர்ப் பிடியில் கட்டியிருந்தது. அக்கா முன்னால் போய்க் கயிறு இறுகினால் சப்பரம் வரும். அக்கா நின்றால் கயிறு தொய்யும், சப்பரமும் நிற்கும். எவ்வளவு இழுத்தாலும் ஒரு அளவுக்கு மேல் போகாதபடி பெட்டியில் பூட்டு வைத்திருந்தார். இறக்கத்துக்கு ஒரு பிரேக்கு, அது சப்பரத்துக்கு அடியில் குந்தியிருந்த ரெகுலேட்டர் கையில்.

தலைவர் டிராக்டரைப் பின்னால் நிறுத்தி வைத்திருந்தார். "எங்கயாச்சும் நின்னுச்சுன்னா அடுத்த நிமிசம் டிராக்டரப் பூட்டிருவேன். பெரியம்மாவுக்கு நாற்காலி தயாரா இருக்கு" என்று சொல்லியிருந்தார். நாற்காலியை ஒருவர் தலையில் கவிழ்த்துக் கூடவே தூக்கிவந்தார்.

அக்கா ஒரு கையில் திரியும் ஒரு கையில் கயிறுமாக நடந்தாள். பக்கத்தில் நான். செபமாலை சொல்லிக்கொண்டே போனோம். பின்னால் சூசையப்பர் சத்தமில்லாமல் வந்தார். பூ வாசனையை வைத்துத்தான் வருகிறார் என்று தெரிந்தது. ஒரு வீட்டு வாசலில் சப்பரத்துக்குக் காணிக்கையாக உப்பும் மிளகும் போட வந்தார்கள், அக்கா நின்றாள், அவரும் நின்றார். பேண்டுக்காரர்கள் பாட்டின் நடுவில் நின்று ஒரு காலைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தார்கள். ஓரிரண்டு வாசலுக்கெல்லாம் அக்காவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. ஊர் முழுக்கத் தன் கையில் இருக்கிறது என்று! தேவையில்லாத வீட்டு வாசலிலும் நின்று நலம் விசாரித்தாள். கோயிலில் அண்டா அண்டாவாகக் கறிச்சோறு ஆறிக்கொண்டிருந்தது. நாற்காலி தூக்கினவர் கழுத்துச் சுளுக்கு என்று அதைக் கீழே போட்டு, அதில் அவரே உட்கார்ந்துவிட்டார்.

எங்கள் பழைய வீட்டு வாசல் வந்தது. அக்கா நின்றாள். கயிறு தொய்ந்தது. சப்பரம் நின்றது. முன்பெல்லாம் சுமந்துவந்தவர்கள் அந்த இடத்தில் தோள் மாற்றுவார்கள், அதுவரை அக்கா கண்ணை மூடி நிற்பாள். இப்போதும் மூடிக்கொண்டாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

"நின்னுபோச்சு! நான் சொன்னேன்ல!" என்று தலைவர் கையைக் காட்ட, டிராக்டர்க்காரர் ஸ்டார்ட் பண்ணிவிட்டார். புகை வந்தது. அக்காவின் திரி படபடத்தது.

ரெகுலேட்டர் சப்பரத்தின் அடியிலிருந்து தலையை நீட்டி, "சப்பரம்... நிக்கல... சார்..." என்று ஆரம்பித்தார். அவர் முடிப்பதற்குள் டிராக்டரையே பூட்டிவிடுவார்கள். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை.

"சும்மா இருங்க வாத்தியாரே! சப்பரம் நிக்கல, எங்கக்கா நிக்கிறா!"

அதுவரை நான் பேசி அவர் கேட்டதில்லை. யார் பேசினது என்று நாலு பக்கமும் தேடினார். டிராக்டர்க்காரர் பயந்துபோய் எஞ்சினை அணைத்துவிட்டார். நான் தூணைத் தேடினேன், தெருவில் ஏது தூண்?

அக்கா கண்ணைத் திறந்தாள். ஒன்றும் நடக்காத மாதிரி ஓர் எட்டு வைத்தாள். கயிறு இறுகியது. சூசையப்பர் புறப்பட்டார். வெளிச்சம் மங்கி, திரிகள் மட்டும் தெரிய, கோயில் வாசல் வரைக்கும் அக்கா நடந்தாள். தலைவர் கொஞ்ச தூரம் கழித்துச் செருப்பைக் கழற்றிவிட்டு எங்கள் வரிசைக்குப் பின்னால் வந்து சேர்ந்துகொண்டார். நாங்கள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கோயிலில் அக்கா படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். "அம்புட்டுப் பெரிய சப்பரத்த நானே இழுத்துட்டு வந்துட்டேன்டி. கனக்கவே இல்ல" என்றாள்.

நான் ரெகுலேட்டரைப் பார்த்தேன். முகமெல்லாம் கிரீஸ். மோட்டாருக்காக எத்தனை நாள் தூக்கம் கெட்டவர்!

"ஆமாக்கா" என்றார், அவருடைய வேகத்தில். "நீங்க... இழுக்குறதப் பாத்துட்டு... மோட்டார நான் ஆஃப் பண்ணிட்டேன்."

அக்காவுக்கு இப்போது வாசல் வரைக்கும்தான் நடை. மத்தியானத்தில் இரண்டு பேரும் அந்த ஃபேனுக்கு அடியில் படுத்துக்கொள்கிறோம். இறக்கை ஒவ்வொன்றாக வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போகிறது.

மோட்டாரைப் பற்றி நான் எழுதினதில் தப்பு இருக்கும். சென்சார் மூன்றுதானா, காந்தம் சுற்றுமா சுருள் சுற்றுமா என்றெல்லாம் தெரிந்தவர்கள் யாராவது சரிபார்த்துத் திருத்திவிடுங்கள். அவர் கடைக்கே போய்க் கேட்டாலும் சொல்வார். திரும்பி வருகிற பஸ்ஸை மட்டும் நம்பிப் போகாதீர்கள். எழுதினது நான்தான் என்று அவரிடம் சொல்ல வேண்டாம், எனக்கு வெட்கமாக இருக்கும். மத்தியானச் சாப்பாடு சாப்பிட்டாரா என்று மட்டும் கேட்டுவிட்டு வாருங்கள். அவர் பதில் சொல்லும் வரைக்கும் கொஞ்சம் நில்லுங்கள்.